ஆற்றில் போட்டு, குளத்தில் தேடி: கமலாலயக் கரையில் நான்கு நாள்

முதல் நாள், மாலை

தஞ்சாவூரிலிருந்து வந்த ரயில் திருவாரூர் சந்திப்பில் நின்றபோது மணி ஐந்து. ஆனி மாத வெயில் இன்னும் இறங்கவில்லை. வழியெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்க்கால்களை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தேன். சில வாய்க்கால்களில் கலங்கல் நீர் ஓடியது. சிலவற்றில் தரை இன்னும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று பெரியம்மா போனில் சொன்ன மறுநாளே கிளம்பியிருந்தேன். புதுத்தண்ணீர் ஊருக்குள் வரும் நாட்களில் கமலாலயத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அம்மா பிறந்து வளர்ந்தது இந்தக் குளத்தின் வடகரையில். நீச்சல் கற்றதும் இங்கேதான். இடுப்பில் காலி டின்னைக் கட்டிக்கொண்டு குதித்த கதையை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. சின்ன வயதில் நான் எதையாவது பள்ளிக்கூடத்தில் தொலைத்துவிட்டு வீட்டில் தேடினால், "ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடாதே" என்று அதட்டுவார். அந்தப் பழமொழி அம்மாவின் ஊரிலேயே, அவர் குதித்து விளையாடிய குளத்தின் கரையிலேயே நின்றுகொண்டிருக்கிறது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

பையைப் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் படித்துறைக்கு ஓடினேன்.

குளம் என்று சொல்லிவிடுகிறோம். எதிர்க்கரையில் நடப்பவர் ஆணா பெண்ணா என்று அடையாளம் தெரியாத அகலம் இது. தியாகராசர் கோயிலுக்கு மேற்கே, கோயிலோடு போட்டி போட்டுக்கொண்டு விரிந்து கிடக்கிறது. நாற்புறமும் கல்கட்டு, நடுவே தீவு போல நாகநாதர் கோயில். கரை நான்கிலும் வீடு, கடை, பஸ், ஆட்டோ என்று ஊர் இரைந்துகொண்டிருக்க, நடுவில் இவ்வளவு பெரிய வெறுமை. அந்த நேரத்தில் அதன் மேல் மேற்குக் காற்று சின்னச் சின்ன மடிப்புகளாக ஓடிக்கொண்டிருந்தது.

கோயில் ஐவேலி, குளம் ஐவேலி, ஓடை ஐவேலி என்பது இவ்வூர்ச் சொல்வழக்கு. ஓடை என்பது செங்கழுநீர் ஓடை. தியாகராசருக்கு உரிய மலர் அது. மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. அந்தக் கணக்கில் ஐவேலி என்றால் முப்பத்து மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. இன்று குளத்தின் பரப்பு ஏறக்குறைய 25 ஏக்கர் என்கிறார்கள். மீதி எங்கே என்று உடனே சண்டைக்குப் போகவும் முடியாது. பழைய காலத்தில் நிலமளக்கும் கோல் ஊருக்கு ஊர் மாறியது. ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குள் உட்கார்ந்துவிட்டது.

தண்ணீர் பாதிக் குளத்துக்கும் கீழேதான். இறங்கிப் போய்ப் பார்த்தேன். இடது மூலை உடைந்த ஒரு படி. உடைந்த இடத்தில் பாசி காய்ந்து, கறுப்புத் தோல் போல உரிந்துகொண்டிருந்தது. அந்தப் படியின் மேல்விளிம்புக்கு ஒரு சாண் கீழே நீர்மட்டம். இதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"தண்ணீர் உள்ளே வருகிறதா பெரியம்மா?" என்று இரவு சாப்பிடும்போது கேட்டேன்.

"வாய்க்காலில் நேற்றுத்தான் வந்தது பாப்பா. முதலில் குப்பையாக வரும். அப்புறம் தெளியும்" என்றார். அதற்குள் என் இலையில் மூன்றாவது முறையாகக் கூட்டு விழுந்திருந்தது.

இரண்டாம் நாள்

ஐந்தரை மணிக்கு எழுந்து குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். நின்று நின்று நடந்ததில் முக்கால் மணி நேரம் ஆனது.

முதலில் கண்ணில் பட்டது மடையான். மண் நிறத்தில் படியோடு படியாக ஒட்டி நிற்கும். பறந்தால்தான் வெள்ளைச் சிறகு பளீரென்று தெரியும். குருட்டுக் கொக்கு என்று சில ஊர்களில் சொல்கிறார்கள். இந்தப் பக்கத்துக்கு மடையான் என்ற பெயரே பொருத்தம். மடைவாயில் மீனுக்குக் காத்து நிற்கும் பறவை அல்லவா? இன்றும் அது சரியாக வரத்து வாய்க்காலின் வாயருகேதான் நின்றது. தண்ணீர் வந்த செய்தி எனக்குப் போனில் வந்தது. அதற்கு யார் சொன்னார்களோ.

நாகநாதர் கோயில் மதில் மேல் சின்ன நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தன. நடுக்குளத்தில் ஒரு முக்குளிப்பான் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தது. மீன்கொத்தி இரண்டு. அவ்வளவுதான். வயலோரக் குட்டையில் பத்து நிமிடத்தில் பார்க்கக்கூடிய தாழைக்கோழி இங்கே இல்லை. காரணம் கரையைப் பார்த்தாலே தெரிகிறது. நான்கு பக்கமும் கல்கட்டு. கோரையும் சம்பும் முளைக்க ஒரு சாண் சேற்று விளிம்புகூடக் கிடையாது. கூடு கட்ட, குஞ்சை ஒளித்துவைக்க இடமில்லை. மீனும் திறந்த நீரும் மட்டும் போதும் என்கிற பறவைகளே இங்கே வாழ முடியும். பெயரில் தாமரை இருக்கிறது. ஆனால் நான் சுற்றிய நான்கு கரையிலும் ஒரு தாமரை இலை காணவில்லை. காற்று அலையடிக்கும் ஆழமான திறந்த நீர் அதற்கு ஒத்துவராது. திருமகள் இங்கே தவம் செய்ததால் கமலாலயம் என்ற பெயர் வந்தது என்று தலபுராணம் சொல்கிறது. 64 தீர்த்தக் கட்டங்கள் உண்டு என்றும் சொல்கிறது.

படியில் உட்கார்ந்து காலை நீட்டினேன். கெண்டைக் குஞ்சுகள் வந்து விரலிடுக்கில் கடித்தன.

இந்தக் குளத்தைப் பற்றிய கதைகளில் என் மனத்தை விட்டுப் போகாத ஒன்று தண்டியடிகள் கதை. பிறவியிலேயே கண் தெரியாதவர். திருவாரூர்க்காரர். பெரியபுராணம் அவர் காலத்துக் குளத்தைப் பற்றிச் சொல்வதைக் கவனித்துப் படிக்க வேண்டும். குளத்தைச் சுற்றிலும் கட்டடங்கள் பெருகி, குளம் இடம் குறுகிப் போயிருந்தது. சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதியது இது. நாட்டமிகு தண்டி என்று சுந்தரரே தம் தொண்டர் பட்டியலில் பாடிவிட்டதால், மனிதர் அதற்கும் மூத்தவர். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு குளத்தின் மேல் ஆக்கிரமிப்பு, அதைத் தூர்வாரக் கிளம்பிய ஒரு தனிமனிதர். இன்றைய செய்தித்தாளில் வந்தாலும் ஒரு சொல்லை மாற்ற வேண்டியதில்லை.

கண் தெரியாதவர் எப்படித் தோண்டுவார்? குழிக்குள் ஒரு தறி நட்டார். கரையில் ஒரு தறி நட்டார். இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி, மண்ணை வெட்டிக் கூடையில் வாரி, கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறி, கரையில் கொட்டிவிட்டு மறுபடியும் இறங்கினார். இதைத்தான் நான் இன்று காலை அந்தப் படியில் கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தேன். ஒரு கூடை மண், ஒரு முழக் கயிறு, மறுபடி ஒரு கூடை. இருபத்தைந்து ஏக்கர்.

கதையில் சமணர்கள் அவரைத் தடுக்கிறார்கள். மண்ணை வெட்டினால் சிற்றுயிர்கள் சாகும் என்கிறார்கள். கொட்டும் கூடையையும் தறியையும் பிடுங்குகிறார்கள். அரசன் முன்னால் வழக்குப் போகிறது. முடிவில் குளத்தில் மூழ்கி எழும் தண்டியடிகளுக்குக் கண் கிடைக்கிறது, எதிர்த்தவர்களுக்குக் கண் போகிறது. அந்தக் காலத்துச் சமயப் பகை இதில் நிறைந்திருக்கிறது. அதை அப்படியே ஏற்க என்னால் முடியாது. புழு பூச்சி சாகுமே என்ற கவலையும் வெறும் சாக்காக எனக்குத் தோன்றவில்லை. குளத்துச் சேற்றில் வாழும் உயிர்களை நம்பித்தான் அந்த மடையானும் முக்குளிப்பானும் நிற்கின்றன. ஆனால் கண்ணில்லாத ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர்க்குளத்தின் ஆழத்தை மீட்டார் என்ற அந்தப் படம், எந்தச் சமயச் சண்டையையும் தாண்டி நிற்கிறது.

வெயில் ஏறியதும் கரையோரம் இருக்கும் மாற்றுரைத்த பிள்ளையாரைப் பார்க்கப் போனேன். அம்மாவின் பழமொழி இவரிடம் இருக்கிறது. சுந்தரருக்குத் திருமுதுகுன்றத்தில், அதாவது இன்றைய விருத்தாசலத்தில், 12,000 பொன் கிடைத்தது. அங்கே ஓடும் மணிமுத்தாற்றில் அதைப் போட்டுவிட்டு, ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னார் சிவன். இங்கே வந்து குளத்தில் இறங்கித் துழாவுகிறார். கிடைக்கவில்லை. கரையில் நிற்கும் அவர் மனைவி பரவையார், ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுகிறீரே என்று கேட்கிறார். பதிகம் பாடிய பிறகு பொன் கிடைக்கிறது. மாற்றுக் குறைந்திருக்கிறதா என்று உரைத்துப் பார்த்துச் சொன்னவர் இந்தப் பிள்ளையார்.

மணிமுத்தாறு வெள்ளாற்றோடு சேர்கிற ஆறு. அதற்கும் கமலாலயத்துக்கும் நீர்வழித் தொடர்பு எதுவும் இல்லை. அதனால்தான் கதையில் அது அற்புதம். ஆனால் மணிமுத்தாறு என்ற இடத்தில் காவிரி என்று வைத்துப் பாருங்கள். மேட்டூரில் ஆற்றில் விட்டதை இங்கே குளத்தில் தேடுவதுதானே டெல்டாவின் அன்றாட வேலை? நாளைக்கு அந்த வழியைப் பார்க்கக் கிளம்புகிறேன்.

மாலையில் கோயில். மேலக் கோபுர வழியாக உள்ளே போய், அரநெறிச் சன்னிதியில் நின்றேன். எண்ணெய் கேட்டுப்போன நமிநந்தியடிகளை, உங்கள் சாமி கையில்தான் தீ இருக்கிறதே, விளக்கு எதற்கு, வேண்டுமானால் தண்ணீரை ஊற்றி எரியுங்கள் என்று கேலி செய்து அனுப்பினார்களாம். அவர் குளத்து நீரை முகந்து வந்து ஊற்றி விளக்கேற்றினார் என்பது கதை. நமிநந்தி நீரால் விளக்கிட்டதை அப்பர் தம் பதிகத்திலேயே பாடுகிறார். ஏழாம் நூற்றாண்டிலேயே இந்த ஊரின் தண்ணீருக்கு அப்படி ஒரு பெயர்.

சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் பிறந்தது இந்த ஊரில். இரவு திண்ணையில் பெரியம்மா தெப்பத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். காலிப் பீப்பாய்களை அடுக்கி, மேலே மரம் பரப்பி, அதன் மேல் மண்டபம் கட்டுவார்கள். கரையிலிருந்து வடம் பிடித்து இழுப்பார்கள். தெப்பத்திலேயே கச்சேரி நடக்கும். "நாதஸ்வரம் ஒரு கரையில் கேட்கும். கொஞ்ச நேரம் போனால் அடுத்த கரையில் கேட்கும். நாங்கள் இந்தத் திண்ணையை விட்டு அசையவே மாட்டோம்" என்றார்.

மூன்றாம் நாள்

இன்று முழுதும் அலைச்சல். நீடாமங்கலம் வரை பஸ். அங்கிருந்து மூணாறு தலைப்பு.

ஒன்றாக வரும் வெண்ணாறு இங்கே மூன்றாகப் பிரிகிறது. கோரையாறு, பாமணியாறு, சிறிய வெண்ணாறு. ஷட்டர்களுக்குக் கீழே தண்ணீர் நுங்கும் நுரையுமாகப் பாய்கிறது. பாலத்துச் சுவரில் கை வைத்தால் அதிர்வு தெரிகிறது. காவி நிறம். ஒரு கை அள்ளிப் பார்த்தேன். உள்ளங்கைக் கோடுகளில் மெல்லிய வண்டல் படிந்தது. டெல்டா முழுவதும் இந்த ஒரு கை வண்டலின் பெருக்கம்தான். அதே வண்டல்தான் குளத்துக்குள் போய்ப் படிந்து குளத்தைத் தூர்க்கிறது. ஊட்டுவதும் மூடுவதும் ஒரே மண். தண்டியடிகள் காலத்தில் மட்டுமல்ல, எந்தக் காலத்திலும் ஒருவர் கூடையோடு இறங்கித்தான் ஆக வேண்டும்.

வழியைக் கொஞ்சம் சொல்கிறேன். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது. உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. பாசனத்துக்கு ஜூன் 12இல் திறப்பது மரபு. அணையில் நீர் போதாத ஆண்டுகளில் தள்ளிப்போகும். அங்கிருந்து வரும் நீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பங்காகிறது. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரிகிறது. பிறகு இந்த மூணாறு தலைப்பு. ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு பங்கு கழிந்து, கடலுக்கு 25 கிலோமீட்டர்கூட இல்லாத திருவாரூருக்கு வரும்போது அது ஏறத்தாழக் கடைமடைத் தண்ணீர். ஊருக்கு நடுவே ஓடும் ஓடம்போக்கி ஆற்றையும் அதன் வாய்க்கால்களையும் நேற்றுப் பார்த்தபோது இது எனக்கு உறைக்கவில்லை. தலைப்பில் நின்று பார்த்தால்தான் கடைமடை என்ற சொல்லின் எடை தெரிகிறது.

ஷட்டர் பக்கம் நின்றிருந்த லஸ்கரிடம் பேச்சுக் கொடுத்தேன். கரைக்காவலர் என்று எழுத்தில் போட்டாலும் இங்கே எல்லோருக்கும் லஸ்கர்தான்.

"குளத்துக்கு எப்போது தண்ணீர் கிடைக்கும் ஐயா?"

"வயலுக்குப் போன பிறகுதான் அம்மா குளம். நாற்றங்கால் காயும்போது குளத்துக்கு விட்டால் விவசாயி சும்மா இருப்பாரா? முறை வைத்து விடும்போது இரவில் கொஞ்சம் போகும்."

அவர் சொன்னதில் எனக்கு வருத்தம் வரவில்லை. வயலுக்கு அடுத்த இடமாவது குளத்துக்கு இருக்கிறதே. வாய்க்கால் அடைந்துபோன ஊரில் அந்த இடமும் கிடையாது. வரும் வழியில் அப்படி ஒரு வாய்க்காலைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஆகாயத்தாமரை அடைத்து, நடுவில் பிளாஸ்டிக் பைகள். ஊதாப் பூக்கள் அழகாக இருந்தன. அதன் கீழே தண்ணீர் நகரவே இல்லை.

அங்கிருந்து மன்னார்குடி. பாமணியாற்றின் ஊர். ஹரித்ராநதிக் குளம் 23 ஏக்கர். பெயரில் நதி. ஹரித்ரா என்றால் மஞ்சள். கோபியர் குளித்த மஞ்சள் கலந்ததால் அந்தப் பெயர் என்கிறார்கள். நான் பார்த்த நேரத்தில் உச்சி வெயிலில் குளம் உண்மையாகவே மஞ்சளும் காவியுமாக மின்னியது. புதுத்தண்ணீரின் வண்டல்தான் காரணம். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் எழுந்து, நாயக்கர் காலத்தில் விஜயராகவ நாயக்கரால் விரிந்த இராஜகோபாலசுவாமி கோயிலுக்கு உரிய குளம் இது. ஆனித் தெப்பத்துக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. இதுவும் பெரியது, இதுவும் அழகு. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. அம்மாவின் குளம் திருவாரூரில் இருக்கிறது.

இரவு எட்டு மணிக்குத் திரும்பினேன். கால் வலி.

நான்காம் நாள், காலை

இன்று மதியம் ரயில். அதனால் விடியற்காலையிலேயே நாகநாதர் கோயிலுக்குப் போக ஆசைப்பட்டேன். படகு கிளம்ப நேரமாகும் என்று சொன்னதால் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பெரியம்மாவும் வந்தார். எழுபத்திரண்டு வயது. ஒவ்வொரு படியாக, பக்கவாட்டில் கால் வைத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "உன் அம்மா இங்கிருந்து அந்த நாகநாதர் கோயில் வரை நீந்திப் போவாள். ஒரு முறை பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டாள். நான் கரையில் நின்று கத்துகிறேன். அவள் மல்லாந்து மிதந்துகொண்டு என்னைப் பார்த்துக் கையசைக்கிறாள்" என்று சொல்லிச் சிரித்தார். அம்மா இந்தப் பாதிவழிக் கதையை எனக்குச் சொன்னதே இல்லை.

பிறகுதான் உடைந்த படியைத் தேடினேன். காணவில்லை. இடத்தைத் தவறவிட்டேனோ என்று பக்கத்துப் படித்துறை வரை போய்ப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. திரும்பி வந்து குனிந்து, முழங்கை வரை நீருக்குள் கையை விட்டுத் துழாவினேன். கலங்கல் நீரில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கல்லின் விளிம்பைத் தடவிக்கொண்டே போனேன். வழவழவென்று பாசி. கொஞ்ச தூரத்தில் விளிம்பு சட்டென்று நின்று, பல்லுப் போன ஈறு போல ஒரு பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டது.

அதே படிதான். முதல் நாள் மாலை தண்ணீர் இதற்கு ஒரு சாண் கீழே இருந்தது. இப்போது இரண்டு விரற்கடை மேலே.

இருபத்தைந்து ஏக்கர் என்பது சுமார் ஒரு லட்சம் சதுர மீட்டர். அதில் ஒரு சாண் ஏற இரண்டு கோடி லிட்டருக்கு மேல் வேண்டும். மூன்று இரவுகளில், நான் தூங்கிய நேரத்தில், அத்தனை தலைப்புகளையும் ஷட்டர்களையும் வயல்களையும் கடந்து அவ்வளவு தண்ணீர் ஓசையில்லாமல் உள்ளே வந்திருக்கிறது.

"என்ன பாப்பா தேடுகிறாய்?" என்று பெரியம்மா மேல் படியிலிருந்து கேட்டார்.

"கிடைத்துவிட்டது பெரியம்மா" என்றேன். படகுக்காரர் துடுப்பை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.